செட்டிநாட்டு வீடுகளைக் கட்டிய பணம் எங்கே போனது?

காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றின் படம் கைபேசியில் வந்தால் கூடவே ஒரு பெருமூச்சும் வந்துவிடுகிறது. பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு. “அந்தக் காலத்து மனுஷங்க வாழத் தெரிஞ்சவங்க. நாம ரெண்டு ரூம் ஃப்ளாட்டுக்கு இருபது வருஷம் இ.எம்.ஐ. கட்டிட்டிருக்கோம்” என்று யாராவது சொல்வார்கள்.

பெருமூச்சில் தப்பில்லை. ஆனால் அதற்குள் ஒரு பொருளாதாரக் கருத்தும் ஒளிந்திருக்கிறது: சிக்கனம், கூட்டுக் குடும்பம், நாணயம் ஆகிய நல்ல பழக்கங்கள் இருந்ததால் பணம் வந்தது, பழக்கம் கெட்டதும் பணம் போனது. நடந்தது பெரும்பாலும் இதற்குத் தலைகீழ். பணம் ஒரு குறிப்பிட்ட வழியில் ஓடியது. அந்த ஓட்டத்துக்குத் தேவைப்பட்ட பழக்கங்கள் வலுப்பெற்றன. வழி அடைபட்டதும் பழக்கங்கள் மட்டும் மிச்சமாகி, ‘பண்பாடு’ என்ற பெயரில் நம் கண்ணில் படுகின்றன.

‘அந்தக் காலம்’ எத்தனை வருஷம்?

நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வணிகம் பழையது. உப்பு, துணி, அரிசி என்று பல சரக்கு பார்த்தவர்கள் அவர்கள். இலங்கை வியாபாரமும் அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் 96 ஊர் என்று மரபாகச் சொல்லப்படும் செட்டிநாட்டில் (இன்று எழுபத்துச் சொச்சம்தான்) நாம் வாய் பிளந்து பார்க்கும் வீடுகளில் பெரும்பாலானவை ஒரு குறுகிய இடைவெளியில் எழுந்தவை.

அந்த இடைவெளியைத் திறந்தவை மூன்று நிகழ்வுகள். 1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா அரிசி ஐரோப்பாவுக்குப் போகும் தூரமும் செலவும் குறைந்தன. 1885இல் மேல் பர்மாவும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. மூடியது 1930களின் உலகப் பொருளாதார மந்தம். 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனுக்குள் வந்ததும் கதவுக்குப் பூட்டும் விழுந்துவிட்டது.

ஆக, உச்ச காலம் என்பது ஏறத்தாழ அறுபது வருஷம். தாத்தா தொடங்கி, அப்பா பெருக்கி, பேரன் கையில் நொறுங்கிய காலம். இதைத்தான் நாம் ‘தொன்றுதொட்டு’ என்கிறோம்.

பணம் ஓடிய வழி

ஐராவதி ஆற்றின் கழிமுகம் அப்போது காடும் சதுப்பும். காட்டைத் திருத்தி நெல் போடப் பர்மிய விவசாயிக்கு மாடு, விதை, கூலி, அறுவடை வரைக்கும் சாப்பாடு, எல்லாவற்றுக்கும் கடன் வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் ரங்கூன் துறைமுகத்தைத் தாண்டி உள்ளே போகவில்லை. கிராமத்து விவசாயி யார், அவன் நிலம் எது என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் செட்டியார் கடைகள் உட்கார்ந்தன. ‘கடை’ என்றால் இங்கே சரக்கு விற்கும் இடமல்ல, கொடுக்கல் வாங்கல் நடத்தும் இடம்.

படிப்படியாகப் பார்த்தால்:

1. முதலாளி போடும் சொந்தப் பணம், அதாவது முதல் பணம். மொத்த மூலதனத்தில் பெரும்பகுதி இதுதான்.

2. உறவினர்கள் வட்டிக்குப் போட்டுவைக்கும் பணம். இதில் முக்கியமானது ஆச்சிமால் பணம். பெண்ணுக்குக் கல்யாணத்தில் கொடுத்த சீதனம் பெட்டியில் தூங்காது; அவள் பெயரில் கடையில் வரவு வைக்கப்பட்டு வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

3. இந்தப் பணத்துக்கு என்ன வட்டி என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேரம் பேசவில்லை. ரங்கூன் மொகல் தெருவில் இருந்த செட்டியார் கோயிலில் மாதம் ஒருமுறை கூடி முடிவு செய்தார்கள். அதற்கு நடப்பு வட்டி என்று பெயர். இன்று ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை அறிவிக்கிறதே, அந்த வேலையின் ஒரு பங்கை முருகன் சந்நிதியில் செய்துகொண்டிருந்தார்கள்.

4. கை கடிக்கும்போது இம்பீரியல் வங்கி போன்ற பெரிய வங்கிகளிடமும் கடன் வாங்கினார்கள். அதற்கு ஈடு பெரும்பாலும் கையெழுத்தும் பெயரும்தான்.

5. இப்படித் திரண்ட பணம் நில அடமானத்தின் பேரில் விவசாயிக்குப் போனது. சில இடங்களில் உள்ளூர்ப் பர்மிய லேவாதேவிக்காரர் கை மாறிப் போனது. அறுவடைக்குப் பின் வட்டியோடு திரும்பியது. ஊருக்கு வரவேண்டியது உண்டியல் வழியாக வந்தது. இங்கே உண்டியல் என்பது ஓர் ஊரில் பணம் கட்டி இன்னோர் ஊரில் வாங்கிக்கொள்ளும் சீட்டு.

1930 வாக்கில் பர்மாவில் இப்படி ஏறத்தாழ 1,650 கடைகள் இருந்தன. அவற்றில் புழங்கிய பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்று அப்போதைய வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. ரூபாய்க்கு இருந்த அன்றைய மதிப்பில் இது ஒரு நாட்டின் விவசாயத்தையே தூக்கி நிறுத்தும் தொகை.

முதலாளி பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார். கடையை நடத்தியது சம்பளத்துக்குப் போன மேலாள். அவருக்குக் கீழே அடுத்தாள், பெட்டியடிப் பையன். மூன்று வருஷம் ஒரு கணக்கு. அது முடிந்ததும் மேலாள் ஊருக்குத் திரும்பி ஐந்தொகையை, அதாவது சொத்து, கடன் கணக்கை, படித்துக் காட்டி, லாபத்தில் தன் பங்கை வாங்கிக்கொள்வார். அந்த மூன்று வருஷமும் மனைவி பிள்ளைகள் செட்டிநாட்டில், இவர் கடலுக்கு அப்பால். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் எண்சுவடியில் மாகாணி, வீசம் என்று பின்னங்களை மனப்பாடம் செய்துவிட்டுக் கப்பல் ஏறினான்.

நம்பிக்கைக்கு யார் ஜாமீன்?

மேலே சொன்ன ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஆயிரம் மைலுக்கு அப்பால் இன்னொருவரின் பெட்டிப் பணத்தை வைத்துக்கொண்டிருக்கும் மேலாள் அதைச் சுருட்டிக்கொண்டால் என்ன செய்வது? நீதிமன்றம் இருந்தது. ஆனால் அது கடைசி வழி. முதல் வழி, கோயில்.

நகரத்தாருக்கு ஒன்பது கோயில் பிரிவுகள்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. கல்யாணமான ஒவ்வோர் ஆணும் கோயில் கணக்கில் ஒரு ‘புள்ளி’. வரி புள்ளிக்குத்தான். கல்யாணத்துக்குக் கோயில் மாலை வந்தாக வேண்டும். அது வந்தால்தான் அந்தக் கல்யாணம் பதிவானதாக அர்த்தம். ஒரே கோயில், ஒரே பிரிவு என்றால் பெண் கொடுத்து எடுக்க முடியாது.

இதைச் சமயச் சடங்காக மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். யார் யாருக்கு மகன், யார் வீட்டில் பெண் எடுத்தார், யார் கணக்கில் பாக்கி என்பது முழுவதும் ஒரு சமூகத்துக்குள் தெரிந்திருந்தது. பர்மாவின் மௌல்மீனில் பணத்தில் கை வைத்தவன் மகளுக்குத் தேவகோட்டையில் மாப்பிள்ளை கிடைக்காது. சிபில் ஸ்கோர் இல்லாத காலத்தில் அதைவிடக் கடுமையான மதிப்பெண் இது. ஒருவனுடையது கெட்டால் அவன் பிள்ளைகளுடையதும் கெட்டது. ‘அந்தக் காலத்து நாணயம்’ என்று நாம் புகழ்வதில் ஒழுக்கமும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒழுக்கம் தவறினால் விழும் அடி எவ்வளவு பெரியது என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இந்த வெளிச்சத்தில் வீட்டையும் பார்க்கலாம். முகப்பு, வளவு (முற்றம் உள்ள நடுப்பகுதி), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள் அவை. குடும்பமாக உட்கார்ந்து பேசக் கட்டிய இடம் அதில் குறைவு; கல்யாணம், விருந்து, கணக்கு வழக்குக்குக் கட்டிய இடம் அதிகம். இத்தாலியப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் முகப்பிலும் விருந்து மண்டபத்திலும்தான் நிறைந்திருக்கும், புழக்கத்துக்கான பின்கட்டில் அல்ல. கையெழுத்தே ஈடாக இருந்த தொழிலில், ‘இந்தக் கையெழுத்துக்குப் பின்னால் கனம் இருக்கிறது’ என்று காட்ட ஓர் இடம் வேண்டியிருந்தது. அந்த முகப்பு ஒரு விளம்பரப் பலகை. வருகிறவர் படித்துவிட்டுப் பணம் போட வேண்டும்.

இன்னொரு தவறான எண்ணம் கூட்டுக் குடும்பம் பற்றியது. ஒரே கூரைக்குக் கீழே அறுபது பேர் இருந்தார்கள் என்பது சரி. ஒரே உலையில் சாப்பிட்டார்கள் என்பது அவ்வளவு சரியல்ல. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வளவைச் சுற்றியுள்ள அறைகளில் அவனுக்கென்று ஒன்று, தனி அடுப்பு, தனி வரவு செலவு. மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் வெவ்வேறு அடுப்பில் சமைத்தார்கள். கூரை பொது, கணக்கு தனி. ‘அன்று சேர்ந்து வாழ்ந்தார்கள், இன்று பிரிந்துவிட்டார்கள்’ என்கிறவர்கள் அந்த அடுப்புகளை ஒரு தடவை எண்ணிப் பார்க்கலாம். பெரிய குடும்பத்தில் சண்டை வராமல் இருக்க அன்பை மட்டும் நம்பாமல் ஏட்டையும் நம்பினார்கள். எனக்கு அது அன்பைவிடக் குறைந்த ஏற்பாடாகத் தோன்றவில்லை.

கல்யாணச் சாமான்களும் அப்படித்தான். வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், எனாமல் என்று பரப்பிவைக்கும் சாமான்கள் ஒவ்வொன்றும் எண்ணிப் பட்டியல் எழுதப்பட்டவை. கொடுக்கல் வாங்கலை இசைபிடிமானம் என்ற எழுத்து ஒப்பந்தத்தில் பதிந்தார்கள். ஊதாரித்தனம் என்று ஒரு சாரார் திட்டுவதும் பாரம்பரியம் என்று மறு சாரார் உருகுவதும் உண்டு. கடையில் போட்ட பணம் கவிழ்ந்தாலும் பெண் கையில் ஏதோ மிஞ்ச வேண்டும் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது.

லாபத்தில் ஒரு பங்கை மகமை என்று எடுத்துவைத்ததால்தான் இத்தனை ஊரணிகள், பாடசாலைகள், கோயில் திருப்பணிகள், காசி வரைக்கும் சத்திரங்கள். அதே பணம் ஊரில் தொழிற்சாலையாக ஏன் மாறவில்லை என்று கேட்கலாம். வட்டி வருமானம் கடலுக்கு அப்பால் அவ்வளவு நன்றாக வரும்போது, மழை பொய்க்கும் இந்த வறண்ட மண்ணில் முதல் போட யாருக்கும் அவசரம் இருந்திருக்காது.

பவுன் பதிமூன்று ரூபாய்

பழைய காலத்தைப் பற்றிப் பேசும்போது தவறாமல் வரும் வரி இது. உண்மைதான். 1927இல் ரூபாயின் மதிப்பை 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று அரசு நிர்ணயித்தது. அந்தக் கணக்கில் ஒரு பிரிட்டிஷ் தங்கப் பவுன் 13 ரூபாய் 5 அணா 4 பை (ஓர் அணாவுக்கு 12 பை). அதற்கு முன் நீண்ட காலம் 15 ரூபாய்.

விலையை மட்டும் சொல்லி நிறுத்தினால் ஏக்கம் வரும். வருமானத்தையும் சேர்த்தால் கணக்கு வரும். ஒரு பேச்சுக்கு, தினக்கூலி 4 அணா என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரூபாய்க்கு 16 அணா. பவுனுக்கு 213 அணா சொச்சம். சாப்பிடாமல், உடுத்தாமல் 53 நாள் உழைத்தால் ஒரு பவுன். இன்றைய தங்க விலையில் ஒரு கூலித் தொழிலாளிக்கு அதைவிடக் கூடுதல் நாள்கூட ஆகலாம். ஆகத் தங்கம் ஒன்றில் பழைய காலத்து ஆட்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது! ஆனால் பென்சிலின் மருந்து அன்று எந்த விலைக்கும் கிடையாது. கூலிக்காரன் மகளுக்குப் பள்ளிக்கூடம் என்பது விலைப் பட்டியலிலேயே இல்லை. விலை குறைவாக இருந்தது என்பதும் வாங்க முடிந்தது என்பதும் வேறு வேறு.

எப்படிச் சரிந்தது?

ஊதாரிப் பிள்ளைகள் அழித்தார்கள் என்ற கதை எல்லா ஊரிலும் உண்டு. சில வீடுகளுக்கு அது பொருந்தவும் செய்யும். மொத்தச் சரிவுக்கு அது போதாது.

1. 1930 தொடங்கி நெல் விலை விழுந்தது; சில வருஷங்களுக்குள் பாதிக்கும் கீழே போனது. விவசாயியால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை.

2. ஈடாக இருந்த நிலம் கடைகளின் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம்.

3. வெளியிலிருந்து பார்த்தால் இது பேராசை. உள்ளேயிருந்து பார்த்தால் இது பொறி. லேவாதேவிக்காரருக்கு வேண்டியது சுழலும் பணம். கையில் கிடைத்ததோ விற்க முடியாத, ஊருக்குக் கொண்டுபோகவும் முடியாத வயல். ஐந்தொகையில் சொத்து நிறைய, கையில் ரொக்கம் இல்லை.

4. நிலமிழந்த பர்மியரின் கோபம் அரசியலானது. 1930லும் 1938லும் இந்தியருக்கு எதிரான கலவரங்கள் நடந்தன. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாக ரீதியாகப் பிரிந்தது.

5. 1942இல் போர். லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள். பெரும்பாலோர் அஸ்ஸாம், அரக்கான் காட்டு வழியாக நடந்தே வந்தார்கள். வழியில் இறந்தவர்கள் பல்லாயிரம்.

6. 1948இல் பர்மா விடுதலை பெற்றதும் நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டம் வந்தது. பேரேட்டில் இருந்த வயல்கள் பேரேட்டிலேயே நின்றுவிட்டன. 1962 ராணுவப் புரட்சிக்குப் பிறகு வங்கிகளும் கடைகளும் அரசுடைமையாயின. அப்போது வந்த அகதிகளின் தடம்தான் சென்னையின் பர்மா பஜாரும் பல ஊர்களில் இருக்கும் பர்மா காலனிகளும். காரைக்குடியிலும் ஒன்று உண்டு.

தனிமனிதச் சிக்கனம் இந்த ஆறில் எதைத் தடுத்திருக்கும்? எனக்குத் தெரிந்து ஒன்றையும் இல்லை.

தப்பித்தவர்கள் பணத்தின் வழியை முன்கூட்டியே மாற்றியவர்கள். 1900இல் மௌல்மீனில் லேவாதேவியில் தொடங்கிய முருகப்பா குடும்பம் 1930களில் தொழிலை இந்தியாவுக்கு நகர்த்திக்கொண்டது. 1937 பிப்ரவரி 10 அன்று எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் திறந்தது. அந்த மூன்று பெயரைப் படித்தாலே பணம் எந்தப் பாதையில் போய்வந்தது என்று தெரிந்துவிடும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடிக்கு வந்தது; 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். மற்றவர்களுக்கு வீடு மட்டும் மிஞ்சியது.

படத்தில் இல்லாதவர்கள்

ஏக்கம் எப்போதும் முகப்பிலிருந்தே பார்க்கிறது. பின்கட்டிலிருந்து பார்த்தவர்களுக்கு அதே காலம் வேறு மாதிரி இருந்தது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும் கணவனுக்காகக் காத்திருந்து, அதற்கிடையில் வீடு, பங்காளி வழக்கு, பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் தனியாக நிர்வகித்த ஆச்சிகள். தேக்கு மரத்தை இழைத்த ஆசாரிகள், சுண்ணாம்பு அரைத்த கூலிப் பெண்கள். ‘வாழத் தெரிந்த மனிதர்’ பட்டியலில் இவர்களை யாரும் சேர்ப்பதில்லை.

அப்புறம் அந்தப் பர்மிய விவசாயி. உள்ளூர் லேவாதேவிக்காரரைவிடச் செட்டியார் வட்டி பொதுவாகக் குறைவு என்பதும் பதிவானதுதான். காட்டை வயலாக்கிய கடனும் அதுதான். ஆனால் விலை விழுந்த வருஷத்தில் நிலம் போனது அவனுக்கு. நம் ஊர் வளவில் நிற்கும் தூண் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறோம். எந்தப் பணத்தில் வாங்கினோம் என்பதைச் சொல்வதில்லை.

இன்று ஏக்கமும் ஒரு சரக்கு

இப்போது பணம் வேறு திசையில் ஓடுகிறது. சில வீடுகள் பாரம்பரிய விடுதிகளாகிவிட்டன. கல்யாணப் படப்பிடிப்புக்கும் சினிமாவுக்கும் வாடகைக்குப் போகின்றன சில. பராமரிக்க முடியாத வீடுகள் துண்டு துண்டாகப் பிரிந்து காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வருகின்றன: கதவு நிலை, தூண், எனாமல் தூக்கு, தஞ்சாவூர் ஓவியம். அங்கிருந்து பெங்களூரு ஓட்டலுக்கும் வெளிநாட்டு வரவேற்பறைக்கும் போகின்றன. வீடு முழுதாக நிற்பதைவிட, பிரித்தால் கூடுதல் பணம் என்ற நிலை பல வீடுகளுக்கு வந்துவிட்டது.

ஏன் காப்பாற்ற முடியவில்லை என்றால், பதில் அந்தத் தனி அடுப்பில் இருக்கிறது. அன்று ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறையும் பங்கும் உண்டு. மூன்று தலைமுறையில் அந்தப் பங்கு ஐம்பது, அறுபது பேருக்குப் பிரிந்துவிட்டது. ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் டெக்சாஸில், ஒருவர் அம்பத்தூரில். ஓடு மாற்ற எல்லோரும் பணம் போட வேண்டும். விற்க எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். படைப்புக்கும் (முன்னோர் வழிபாட்டுக்கும்) கல்யாணத்துக்கும் மட்டும் கூடுகிறவர்கள் இதில் ஒத்துப்போவது லேசல்ல. சண்டை வராமலிருக்க அன்று செய்த கறாரான பாகப் பிரிவினையே இன்று கூரையை ஒழுக விடுகிறது.

2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. இதைப் ‘பாதுகாக்கப்பட்டுவிட்டது’ என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். உத்தேசப் பட்டியல் என்பது ஒரு நாடு பின்னாளில் முழு விண்ணப்பம் போடலாம் என்று எழுதிவைக்கும் வரிசை, அவ்வளவுதான். அதில் பெயர் இருப்பதால் மட்டும் ஒரு வீட்டை இடிப்பதையோ தூணைக் கழற்றி விற்பதையோ யாரும் தடுக்க முடியாது. ஓடு மாற்றப் பணமும் வராது. அந்தப் பணத்தை யார் போடுவது என்பதைப் பங்காளிகள்தான் பேசித் தீர்க்க வேண்டும், அல்லது அரசு அவர்களுக்கு வரிச்சலுகையோ மானியமோ கொடுத்துப் பேச வைக்க வேண்டும்.